ஏலக் கப்பலுக்கு ஒரு பொன்னாடை

மணவாள நகரில் தாவீதைத் தெரியாதவர்கள் குறைவு. அவன் பேசிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் இருபத்தாறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறான். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் ஏழு மணிக்கு முன்னால் கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கீழே நிற்கிற ஆள் கையைத் தூக்கினால் தூக்குவான், தாழ்த்தினால் இறக்குவான், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துவான். எட்டு மணி நேரம் வாய்க்கு வேலையே கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரசம் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவான் என்று அவன் மனைவி தமிழ்செல்வி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட ஆள் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு சினிமாவுக்காகச் சண்டை போட ஆரம்பித்தான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

படத்தின் பேர் ‘ஏலக் கப்பல்’. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்துக் கதை. மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. கரையோரத்துச் சனங்களைத் தரகர்கள் பிடித்துக் கப்பலுக்கு விற்கிறார்கள். கதை அதோடு நின்றிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். படத்தில், பிள்ளையைத் தரகனிடம் கொடுத்துவிட்டு வருகிறவன் அவளைப் பெற்ற அப்பன். ஒரு மூட்டை அரிசிக்கு. அந்தக் காட்சிதான் வினையாகப் போயிற்று. தமிழனைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் தியேட்டர் வாசலில் போஸ்டரைக் கிழித்தது. அதுகூடப் பரவாயில்லை, கிழிக்கிறவர்கள் எதையும் கிழிப்பார்கள். மெத்தப் படித்தவர்களாவது சும்மா இருக்கக் கூடாதா? கப்பல் பொம்மை மாதிரி இருக்கிறது, அந்தக் காலத்துக் கோணிப்பையில் மெஷின் தையல் தெரிகிறது, ஏழு நிமிஷம் ஒரு தாய் கரையில் நின்று மகள் பேரைச் சொல்லிக் கத்துகிறாள், இது சினிமாவா ஒப்பாரியா என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுதினார்கள் போலிருக்கிறது.

தாவீதை அந்தப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் கூட வேலை செய்யும் கணேசன். வார லீவில் பொழுது போகாமல் போனார்கள். இடைவேளையில் கணேசன் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பக்கத்து சீட்டில் ஆளைக் காணோம். தேடிப் போனால், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத் தாவீது முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறான்.

“இன்னாடா ஆச்சி?”

“கண்ல தூசி.”

“ஏசி தியேட்டர்ல ஏதுடா தூசி?”

தாவீது மறுநாள் தனியாகப் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். மொத்தம் ஐந்து தடவை. ஏன் என்று கணேசன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் கையைத்தான் காட்டியிருப்பான்.

காரணம் இதுதான். தாவீதுக்கு ஒரு தங்கை இருந்தாள். மேரி என்று பேர். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர்கள் திருப்பாச்சூர் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து பிழைத்த காலத்தில், மழையில்லாமல் ஏரி வெடித்துக் கிடந்த ஒரு வருஷத்தில், ஒன்பது வயதில் அவள் பம்பாய்க்குப் போனாள். ஒரு பெரிய வீட்டில் வேலை, மூன்று வேளை சோறு, ஒரு வருஷத்தில் கொண்டு வந்து விடுகிறேன் என்றான் ஏஜென்ட். அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை, ஒரு கடுதாசிகூட வரவில்லை. இருந்தால் இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. ரயிலில், பஸ்ஸில், ஜி.எச். வரிசையில் அந்த வயசுப் பெண்களைக் கண்டால் தாவீதின் கண் தானாக அவர்கள் இடது புருவத்துக்குப் போகும். மேரிக்கு அங்கே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அவனை முறைத்திருப்பார்கள்! ஏங்கிப் போனவனுக்கு வெட்கம் ஏது.

அவளை அனுப்பியது அப்பா அந்தோணி. எண்பத்தைந்து வயது, காது கண் எல்லாம் தெளிவு. காலையில் இரண்டு இட்லி நாஷ்டா, சாயங்காலம் தெருமுனை வரை ஒரு நடை. ஊர்க்கதையெல்லாம் பேசுவார். மகள் பேரை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை. வீட்டில் ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது மரியே என்று வருமிடத்தில் உதட்டை மூடிக்கொள்வார், அப்புறம் தொடர்வார். அம்மா பதினோரு வருஷம் அழுதாள், திட்டினாள், மண்ணை வாரித் தூற்றினாள். அவர் அசையவில்லை. அம்மா செத்த பிறகு கேட்க ஆளும் இல்லாமல் போயிற்று.

தாவீதுக்கு ஒரே ஒரு ஆசைதான். நைனா சாவதற்குள் அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவரும் போய்விட்டால் மேரி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கே தன்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது என்று அவன் நினைத்தான். நேருக்கு நேராகக் கேட்க அவனால் முடியாது. அதற்கு வேறொரு காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். படம் பார்த்த அன்று அவனுக்குத் தோன்றியது, இந்தப் படத்தை நைனா பார்த்தால் கல்லும் கரையும் என்று.

“நைனா, ஒரு படம் வந்துக்கீது. இட்டுக்கினு போறேன், வா.”

“இன்னா படம்?”

தாவீது சொன்னான். அந்தோணி முகம் மாறிவிட்டது. அந்நேரம் பார்த்து தாவீதின் மகள் ஷைனி, போன் கம்பெனியில் வேலை செய்கிறவள், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தன் போனில் வந்திருந்த விமரிசனம் ஒன்றை உரக்கப் படித்தாள். “பெற்ற மகளை அரிசிக்கு விற்கும் தகப்பன் தமிழ் மண்ணில் பிறக்கவில்லை. இது சரித்திரம் அல்ல, அழுகையை வியாபாரம் செய்யும் மலிவான கற்பனை.”

“இன்னொருக்கா படி” என்றார் அந்தோணி. அவள் படித்தாள்.

“யாரு எழுதிக்கீறது?”

“யாரோ புரொபசராம் தாத்தா.”

“கேட்டுக்கினியா?” என்று மகனைப் பார்த்தார் கிழவர். “படிச்சவரே பொய்னு சொல்லிட்டாரு. நீ இன்னாத்துக்குடா பேஜாரு பண்ற? எந்த அப்பனும் அப்டி செய்ய மாட்டான்.”

எந்த அப்பனும் அப்படிச் செய்ய மாட்டானாம். தாவீதுக்கு நெஞ்சு எரிந்தது. விமரிசனம் எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். அது எந்த வீட்டில் போய் யார் ஒளிந்துகொள்ளத் திரைச்சீலையாகத் தொங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியவா போகிறது? அன்றிலிருந்து யார் அந்தப் படத்தைப் பற்றிக் குறை சொன்னாலும் தாவீது விடவில்லை. கேன்டீனில் சண்டை, கம்பெனி பஸ்ஸில் சண்டை. கூண்டுக்காரனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று மில்லில் பேசிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் திருவள்ளூரில் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தான். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘ஏலக் கப்பல்’. கீழே ‘திறனாய்வு அரங்கம்’. அதற்கும் கீழே ‘சிறப்புரை: பேராசிரியர் ஆதிகேசவன், திருநின்றவூர்’. ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி, அனைவரும் வருக.

இங்கேதான் நம் ஆள் கோட்டை விட்டான். அவனுக்குத் தெரிந்த கூட்டமெல்லாம் யூனியன் கூட்டம், ரிடையர்மென்ட் கூட்டம், கோயில் திருவிழாக் கூட்டம். அங்கே ஒருவர் பேரைப் பெரிதாக எழுதி மைக் கட்டினால் அவரைப் பாராட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். மெனக்கெட்டு மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, நாற்காலி போட்டு, ஒன்றைத் திட்டுவதற்கென்று கூட்டம் போடுவார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. திறனாய்வு என்றால் திறமையைப் பாராட்டுவது என்று எடுத்துக்கொண்டான். எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு! ஒரு புரொபசர் பொய் என்று எழுதினால் இன்னொரு புரொபசர் நிஜம் என்று பேசப் போகிறார். நைனா படம் பார்க்க வராவிட்டால் போகட்டும், இவர் பேசுவதைக் கேட்கட்டும்.

நேராக உள்ளே போய்ச் செயலாளரைப் பார்த்தான். சுப்பிரமணி என்று தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசகர் வட்டம் நடத்துகிறார்.

“சார், ஐயாவுக்கு ஒரு பொன்னாடை போத்தலாங்களா? என் செலவுதான்.”

அந்த வட்டத்துக்கு வாசலைத் தாண்டி வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுப்பிரமணிக்கு வாயெல்லாம் பல். “தாராளமா. பேரு?” என்று வாங்கி நிகழ்ச்சி நிரலில் எழுதிக்கொண்டார். தாவீது கடைத்தெருவுக்குப் போய்ச் சரிகைக் கரை போட்ட சால்வையாகப் பார்த்து வாங்கினான். நைனாவிடம், “படிச்சவங்க பேசற கூட்டம் நைனா, சும்மா ஒரு எட்டு வா” என்றான். படித்தவர்கள் என்றதும் அந்தோணி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அப்பாவை முன் வரிசையில் ஃபேனுக்கு நேராக உட்கார வைத்துவிட்டுத் தாவீது மடியில் சால்வையோடு உட்கார்ந்தான். ஆதிகேசவன் எழுந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, மணி அடித்தாற்போல் குரல்.

“இந்தப் படத்தை நான் முழுக்கப் பார்த்தேன் என்பதே ஒரு தியாகம்” என்று ஆரம்பித்தார். சபை சிரித்தது.

தாவீதும் கூடவே சிரித்துவிட்டான். பெரிய பேச்சாளர்கள் இப்படித்தான் வேடிக்கையாக ஆரம்பித்துப் பிறகு விஷயத்துக்கு வருவார்கள் என்று காத்திருந்தான். வந்தார். கப்பல் பொம்மை என்றார். கோணிப்பைத் தையலைச் சொன்னார். கடற்கரையில் அந்தத் தாய் கத்தும் காட்சியைச் சொல்லி, “ஏழு நிமிடம்! நான் கடிகாரம் பார்த்தேன். ஒரு கலைஞன் ஒரு நொடியில், ஒரு மௌனத்தில் சொல்லியிருப்பான். இது பாமரர் கைக்குட்டையை நனைக்கப் போட்ட திட்டம்” என்றார். கடைசியில், “பெற்ற மகளை அரிசிக்கு விற்கும் தகப்பன் தமிழ் மண்ணில் பிறக்கவில்லை” என்றார்.

அந்தோணி நாற்காலியில் நிமிர்ந்தார். “டேய், இவர்தாண்டா அவரு!” என்று மகன் தொடையில் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கைதட்டினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அதுதான். எதை உடைக்கக் கூட்டி வந்தானோ அதற்கே சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார் புரொபசர். தாவீதுக்குக் காது அடைத்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். அதற்குள் சுப்பிரமணி மைக்கில், “பேராசிரியர் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்ய, தொழிலாளர் தோழர் தாவீது அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்” என்று கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடைக்குப் போனான். புரொபசர் எழுந்து, பொன்னாடைக்குத் தோதாகத் தலையைச் சற்றுக் குனிந்து நின்றார். தாவீது சால்வையை விரிக்கவில்லை. மேசைமேல் வைத்தான். மைக்கைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் தன் வாழ்நாளில் மைக்கில் பேசியதே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

“ஐயா மன்னிச்சிக்கணும்” என்றான். “நான் இது பாராட்டற கூட்டம்னு நெனச்சி வந்துட்டேன்.”

சபையில் சிரிப்பு. அவன் சிரிப்பு அடங்கும் வரை நின்றான்.

“கப்பலு பொம்ம மாதிரிதான் கீது. ஒத்துக்கறேன். கோணி தையலும் நீங்க சொல்றதுதான் சரி, ஒரு வாட்டி நானே பாத்தேன். நீங்க படிச்சவரு, உங்களுக்குக் கண்ணு அங்க போவும். எனுக்கு அந்தப் பொண்ணு மேல போச்சி. நான் அஞ்சி வாட்டி பாத்தேங்க. ஏழு நிமிஷம் அந்த அம்மா கத்துது, நீளம்னு சொன்னீங்க. எங்கம்மா பதினோரு வருஷம் கத்துச்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி எல்லாரும் ஊட்டுக்குப் போவாங்க, அது திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போவும். எறங்கற சனத்தையெல்லாம் ஒவ்வொரு மூஞ்சா பாக்கும். அத்த எப்டிங்க ஒரு நொடில சொல்றது?”

யாரும் சிரிக்கவில்லை. புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். உட்காரச் சொல்லி சுப்பிரமணி ஜாடை காட்டினார். கையைப் பார்த்தே நிறுத்திப் பழகியவன் அன்றைக்கு நிறுத்தவில்லை.

“அரிசிக்கு விக்கற அப்பன் இல்லன்னு சொன்னீங்க. எங்க ஊட்ல அரிசி வந்துச்சிங்க. ரெண்டு மூட்ட. என் தங்கச்சி போச்சி, அரிசி வந்துச்சி. அது சின்னப்புள்ள, ஏஜென்ட் கூட வராது. அதனால நான்தான் இட்டுக்கினு போனேன். பதினோரு வயசு எனுக்கு. ஸ்டேஷன்ல நீலச் சட்ட போட்ட ஆளாண்ட உட்டுட்டு வான்னு சொல்லி அனுப்புனாங்க. அதாண்ட சினிமாக்குப் போறோம்னு பொய் சொன்னேன். மேட்னி ஷோன்னு சொன்னேன். இருந்த ஒரே நல்ல பாவாடய கட்டிக்கினு என் கையப் புடிச்சிக்கினு திருப்பாச்சூர்லேந்து நடந்து வந்துச்சிங்க. முறுக்கு வாங்கியாறேன்னு சொல்லி உட்டுட்டு, தூணுக்குப் பின்னால நின்னேன். வண்டி கெளம்பிடுச்சி.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த மண்டபத்தில் அன்றைக்கு முப்பது பேருக்கும் வந்திருந்தது.

“அரிசி எங்கேந்து வந்துச்சின்னு தெரிஞ்சப்புறம் எங்கம்மா அத்தத் தொடல. நான் துன்னேங்க. பசி. ரெண்டு மூட்டயும் தீர்ற வரைக்கும் துன்னேன். அந்தப் படத்துல எங்க ஊட்டக் காட்டிக்கீறான். நல்லா காட்டுனானா மோசமா காட்டுனானா எனுக்குத் தெரியாது. காட்டுனான். நீங்க அப்டி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிட்டா, என் தங்கச்சி எங்க போவும்? அது பொறக்கவே இல்லன்னு ஆயிடாதா?”

நேருக்கு நேர் நைனாவிடம் கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனுப்பியவர் அவர் என்றால், கூட்டிப் போய் விட்டவன் இவன். குற்றவாளியும் குற்றவாளியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டு, நாற்பத்திரண்டு வருஷம் கழித்தார்கள்.

ஆதிகேசவன் கெட்டவரில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மைக் இல்லாமலே, தாழ்ந்த குரலில், “உங்க தங்கச்சி பேரென்ன?” என்று கேட்டார்.

தாவீது வாயைத் திறந்தான். முன் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதிரில் அவனும் அந்தப் பேரைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கு எழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லு நைனா, சொல்லிடு, ஒரே ஒரு தடவை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தோணி நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்துவிட்டார்.

சால்வை யார் தோளுக்கும் போகாமல் மேசையிலேயே கிடந்தது. தாவீது இறங்கி ஓடினான். வாசலில் சுப்பிரமணி ஏதோ சொல்ல வந்தார், அது காதில் விழவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. கிழவர் அதற்குள் ரொம்ப தூரம் போயிருந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. நாலு பேர் எதிரில் அப்பனைக் கூண்டில் ஏற்றிவிட்டோம், இனி அவர் ஜென்மத்துக்கும் வாய் திறக்கப் போவதில்லை, எல்லாம் போயிற்று என்று தாவீதுக்குத் தோன்றியது. ஷேர் ஆட்டோவை நிறுத்தினான். அவர் ஏறவில்லை. அவர் பின்னாலேயே நடந்தான்.

ரயில்வே லைனைத் தாண்டி மணவாள நகர் பக்கம் வந்ததும் அந்தோணிக்கு மூச்சு வாங்கியது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தாவீது தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்தார். மீதியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“நைனா, நான் உன்னியக் கேவலப்படுத்தணும்னு பேசல...”

“மேரி” என்றார் அந்தோணி.

தாவீது அப்படியே நின்றுவிட்டான்.

“மேரி” என்று இன்னொரு தடவை சொன்னார், வாய்க்குப் பழக்கம் விட்டுப்போன சொல்லைச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவர் போல. “அன்னிக்கி அவளுக்குத் தல வாரி உட்டது நான்டா. உங்கம்மா கல்லு சொமக்கப் பூட்டா. எண்ண வச்சி வாரிக்கினு கீறேன், திரும்பி என் மூஞ்சியப் பாத்தா. சினிமா இல்லதான நைனான்னு கேட்டா.”

“இன்னா சொல்ற நைனா?”

“நான் ஒண்ணியும் சொல்லல. அவளே தெரிஞ்சிக்கினா. மொத நாளு அந்த ஆளு வந்து பேசனத்த கேட்டுக்கினு கீறா போல. அரிசி வருமான்னா. வரும்னேன். அண்ணனுக்குத் தருவியான்னா. தருவேன்னேன்.”

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கிழவர் அதைக் கவனிக்கவில்லை.

“எனுக்குத் தெரியும்னு அண்ணனாண்ட சொல்லாத நைனான்னா. பாவம், அதுக்கு பொய் சொல்லவே வரல, தெரிஞ்சா அழுவும்னா. சொல்ல மாட்டேன்னு அவ தலமேல கையடிச்சிக் குடுத்தேன்டா. நீ அந்த அரிசியத் துன்றப்போ எத்தினி வாட்டி வாய் வரைக்கும் வந்துச்சி தெரியுமா? பேரச் சொன்னா இதுவும் கூட வந்துடும்னுதான் பேரயே உட்டேன். கோழைன்னு வேணா வச்சிக்கோ. அந்தப் புரொபசரு அப்டி ஒரு அப்பன் இல்லன்னு சொன்னப்போ, மனசுக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சி தெரியுமாடா?”

தாவீது பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தன்னை நம்பி வந்தாள், தான் ஏமாற்றிவிட்டோம் என்று நாற்பத்திரண்டு வருஷம் சுமந்தவன் அவன். ஒன்பது வயதுப் பெண் எல்லாம் தெரிந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் அவனுக்காக நடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவளை இப்போது பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. முன்னெப்போதும் இருந்ததைவிட அதிகமாக, இந்த நிமிஷமே, இந்த ரோட்டிலேயே பார்க்க வேண்டும் என்று இருந்தது. புருவத் தழும்பைத் தேட வேண்டாம், குரலைக் கேட்டாலே போதும்.

“வேற இன்னா சொன்னா நைனா?” என்று கேட்டான். “நெனச்சிப் பாத்து சொல்லு. வேற ஒண்ணுமே சொல்லலயா?”

அந்தோணி யோசித்தார்.

“வேற இன்னா சொன்னா... அவ்ளோதான்டா. கண்ணத் தொடச்சிக்கினு வெளிய ஓடியாந்தா. நீ வாசல்ல நின்னுக்கினு இருந்த. ‘அண்ணா, டைம் ஆச்சி வா, படம் போட்டுருவான்’னு உன்னிய கூப்ட்டா.”

அது தாவீதுக்கு நினைவிருந்தது. அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.